தேசிய அணியில் பதினேழு நிமிடம்

– கூட்டிப் பாத்தனான், கம்சிகா. மெக்சிக்கோவோட ஒன்பது நிமிசம், கனடாவோட எட்டு. பதினாலு வருசம் அமெரிக்காவில பந்தடிச்சு, அந்த நாட்டு அணிக்காக நீ மைதானத்தில நிண்டது மொத்தம் பதினேழு நிமிசம். நான் இஞ்ச லண்டனில, கிங்ஸ்பரியில பஸ்ஸுக்கு அதைவிடக் கனநேரம் நிண்டிருக்கிறன்.

– பஸ் ஸ்டொப்பில நிக்க உங்களை ஒருத்தரும் தெரிவுசெய்யேல்லை, அப்பா.

– கேட்டியே, சிவமலர்? உன்ர மகளின்ர வாய் மட்டும் முழு மட்ச் விளையாடுது.

– பிள்ளை நேற்றுத்தான் வந்து இறங்கினவள். சாப்பிட விடுங்கோ. புட்டு ஆறுது.

– சாப்பிடட்டும், ஆர் மறிச்சது? அந்தப் பதினேழு நிமிசத்தில பந்து உன்ர காலில பட்டதே?

– ஆறு தரம்.

– எண்ணி வைச்சிருக்கிறாய்!

– நீங்கள் நிமிசத்தை எண்ணேக்க நான் பந்தை எண்ணக்கூடாதே?

– சரி, சொல்லு பாப்பம். உன்ர முதல் கிளப்புக்கு என்ன நடந்தது?

– மூடிட்டினம்.

– ரண்டாவது?

– ட்ரேட் பண்ணினவை. என்னைக் குடுத்திட்டு வேற கிளப்பில இருந்து ஒரு கோல்கீப்பரை எடுத்தவை.

– சந்தையில மாடு மாத்திற மாதிரி. உன்னை ஒரு சொல்லுக் கேட்டவையே?

– இல்லை. பயிற்சி முடிஞ்சு சப்பாத்துக் கழட்டேக்க போன் வந்தது. ரண்டு நாளில நாட்டின்ர மற்றக் கரையில நிண்டன்.

– மூண்டாவது கிளப்?

– அங்கதான் முழங்கால் போனது. தேசிய அணி மூண்டாம் தரமும் கூப்பிட்டு நாலாம் நாள். அதோட அவையும் மறந்திட்டினம்.

– நல்ல உத்தியோகம். மாமாவின்ர மகள் றொசாந்தி பார்மசி படிச்சு ஹவுன்ஸ்லோவில சொந்தக் கடை வைச்சிருக்கிறாள். அவளை ஆராவது மாத்தினவையே? நீ முப்பத்திரண்டு வயசில, வெட்டித் தைச்ச முழங்காலோட வந்து நிக்கிறாய். நோர்பரிப் பக்கம் ஏதோ ரண்டாம் டிவிஷன் கிளப்பாம், ஒரு வருசத்துக்காம்.

– ஓம், ஒரு வருசம்தான். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். உங்களிட்ட அனுமதி கேட்க வரேல்லை, சொல்ல வந்தனான்.

– சொல்லாமலே விட்டிருக்கலாம்.

– இத்தனை வருசத்தில என்ர ஒரு மட்ச் பாத்திருக்கிறீங்களே? ரீவியிலயாவது? வெறுங்காலோட ஊர்க் கழகத்தில ரண்டு மட்ச் அடிச்ச ஆள், நாலு தரம் பெண்கள் உலகக் கோப்பை எடுத்த அணியைப் பற்றிக் கதைக்கிறார்.

– எடுத்தவை எடுத்தவைதான். அதில ஒண்டிலயாவது நீ இருந்தனியே?

– இஞ்சாருங்கோ, காணும்.

– என்ன காணும், சிவமலர்? நாங்கள் மூண்டு வருசம் நியூ ஜேர்சியில இருக்கேக்க பிறந்ததில இவளுக்கு அமெரிக்கப் பாஸ்போட் கிடைச்சது, போனாள். வளர்ந்த நாடு கேட்டிருந்தா அது ஒரு கதை. இங்கிலாந்து இவளைத் திரும்பியும் பாக்கேல்லை.

– இங்கிலாந்து கேட்டது, அப்பா.

– எப்ப? கனவிலயோ?

– பதினாறு வயசில. பதினேழு வயசுக்குக் கீழ்ப்பட்ட அணியின்ர பயிற்சிக் காம்புக்கு. நான் சேரப்போற கிளப்பின்ர கோச் மரினா, அப்ப அங்க உதவிக் கோச். போன கிழமை வீடியோ கோலில முதல் கேள்வியே அதுதான். உன்ர அப்பா ஏன் அப்பிடி எழுதினவர் எண்டு.

– நான் என்னத்தை எழுதினனான்?

– என்ர மகளுக்கு இதில விருப்பமில்லை, இனிமேல் கூப்பிட வேண்டாம் எண்டு. கீழ தேவராசா எண்டு உங்கட கையெழுத்தாம். அப்பிடி ஒரு கடிதம் அவை வேற ஆரிட்ட இருந்தும் கண்டதில்லையாம். அதால இப்பவும் ஞாபகமாம்.

– விசர்க் கதை.

– நடிக்காதேங்கோ! அந்த வருசம் முழுக்கத் தபால் விழுற சத்தத்துக்கு நான் மேல இருந்து படியால ஓடி வந்தனான். நீங்கள் சிரிச்சனீங்கள். இஞ்ச ஒருத்தருக்கும் நான் வேண்டாம் எண்டு நினைச்சுத்தான் பதினெட்டு வயசில அமெரிக்கா போனனான். ஆரோ ஒரு குடும்பத்தின்ர பேஸ்மென்டில படுத்து, ஒப்பரேசனுக்குத் தனியப் போய்ப் படுத்து. எல்லாம் உங்கட ஒரு கடிதத்தால. இப்ப இருந்து நிமிசம் எண்ணிறீங்கள். வெக்கமா இல்லையே?

– பிள்ளை, சத்தியமா எனக்குத் தெரியாது. அப்பிடி ஒண்டு வந்திருந்தா கிங்ஸ்பரி முழுக்கக் காட்டித் திரிஞ்சிருப்பன். நான் சிரிச்சது, வரும் வரும் எண்டு நானும் பாத்தது வரேல்லை எண்ட கோவத்தில.

– கேக்க நல்லாயிருக்கு. அப்ப ஆர் எழுதினது? தபால்காரனோ?

– நான் இங்கிலீசில கடிதம் எழுதிறனானே, கம்சிகா? இந்த வீட்டில கவுன்சிலுக்கு எழுதிறதெண்டாலும், உன்ர பள்ளிக்கூடத்துக்கு எழுதிறதெண்டாலும்...

– என்ன, நிப்பாட்டிட்டீங்கள்? சொல்லுங்கோ.

– சிவமலர்.

– அவரை ஏசாதை, பிள்ளை. வந்த கடிதத்தை அவருக்குக் காட்டியிருந்தா அடுத்த நாளே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பார். நீ என்னை விட்டுப் போயிடுவாய் எண்ட பயத்தில அவரின்ர கையெழுத்தை நான்தான் போட்டனான்.