ஞானமேரிக்கு முட்டி வலி

அன்றோடு முப்பது நாள்.

இரவு மணி பதினொன்றே கால். சிதம்பரத்துக்கு முன்னால், பைபாஸ் பிரிகிற இடத்தில், கடலூர் பஸ் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ளே போகும் சாலை... இரண்டு பக்கமும் வயல். நடுவில் ஒரு விளக்கு. அதுவும் விட்டு விட்டு எரியும். அந்த நேரத்தில் தவளைச் சத்தம் காதை அடைக்கும். ஆள் நடந்தால் அந்த இடத்தில் மட்டும் நிற்கும். ஆள் கடந்ததும் முதுகுக்குப் பின்னால் மறுபடி தொடங்கும்.

அன்றைக்கு ஜோதி மேரி கடந்து போனாள். பின்னால் தொடங்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் வகுப்புத் தோழி கிரேசியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. கிரேசி எனக்குச் சொன்னது போலவே சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஜோதி மேரியின் அப்பா சவரிராயன், கடலூர் முதுநகர்க்காரர். சர்க்கரைப் புண். காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. ஆண்கள் வார்டில், இரண்டாம் மாடியில், சன்னல் ஓரக் கட்டில். இதயமும் பலவீனம். அதிர்ச்சி தருகிற சேதி எதையும் காதில் போடக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அம்மா ஞானமேரி வீட்டில் சமைத்து, தினமும் பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டு வருவாள். வயது அறுபத்தொன்று. இரண்டு இரண்டு படியாக ஏறுவாள். அவளுக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

சேதி வந்ததும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த ஜோதி அப்பாவிடம் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு, தலைக்குக் குளித்து, சாயந்திரமே திரும்பி வந்துவிட்டாள். அப்பா அவளையே பார்த்தார்.

"ஏம்மா தலைக்கு ஊத்தியிருக்க?"

"வெயில்ப்பா."

"அம்மா வரலியா?"

இந்தக் கேள்விக்கு அவள் பஸ்ஸில் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"முட்டி வலிப்பா. படியேற முடியலன்றாங்க."

அன்று சாயந்திரம் வழக்கம்போல ஜெபமாலை சொல்லி முடித்தார். கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார். "மாதாவே, எங்க வீட்டுக்காரி முட்டி வலியப் பாத்துக்க."

ஜோதி "ஆமென்" என்றாள்.

மறுநாளும் அவர் சொன்னார். அவளும் ஆமென் சொன்னாள். அதற்கு மறுநாளும். செத்தவர்களுக்கு இளைப்பாற்றி கேட்டுத்தான் ஜெபிப்பார்கள். கட்டியவள் செத்துப்போயிருக்க, அவள் முட்டி குணமாக வேண்டும் என்று ஒரு மனிதர் ஜெபித்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள் அதற்கு ஆமென் போட்டுக்கொண்டிருந்தாள். வார்டில் வேறு யாருக்கும் அவள் சொல்லவில்லை. ஒருவர் வாயிலிருந்து அப்பா காதுக்குப் போய்விடும் என்ற பயம். ராத்திரியில் பெண்கள் மேலே தங்கக் கூடாது. கீழே தகர ஷெட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள். அங்கே பக்கத்துப் பாயில் படுக்கும் செல்லாயி அக்காவிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. சத்தம் வராமல் அழுதாள்.

ஆனால் ஒன்று. அப்பா தேறிக்கொண்டு வந்தார். அதுவரை இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்காதவர், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். புண் ஓரத்தில் புதுச் சதை தெரிந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்றார். காலையில் போர்வையை மடிக்கும்போது மட்டும் தைல வாடை அடிக்கும். பக்கத்துக் கட்டில்காரர் போட்டுக்கொண்டிருப்பார் என்று ஜோதி நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அப்பாவைச் செல்லாயி அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். மாதா கோயிலில் சாமியார் பெயரை வாசித்தார். ஞானமேரியின் ஆன்மா இளைப்பாற... பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேசி அவள் காதில் கேட்டாள்.

"பெரியப்பாகிட்ட எப்பக்கா சொல்லப்போற?"

"இன்னும் ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்."

"பெரியம்மா பாவம்க்கா."

பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கிளம்பவே இரவாகிவிட்டது.

இப்போது அந்தச் சாலைக்கு வருகிறேன்.

தவளைகள் கத்தவில்லை. ஜோதி நின்றாள். பின்னால்... சர்ர்... டக். சர்ர்... டக். ஒரு காலை இழுத்து, ஒரு காலை ஊன்றி நடக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது. மறுபடி எரிந்தபோது சாலை காலியாக இருந்தது.

அவள் வேகமாக நடந்தாள். சத்தம் வேகமாகவில்லை. ஆனால் தள்ளியும் போகவில்லை.

வார்டு மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் செம்பியன் டீயில் ரஸ்க் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஜோதி பாஸை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து வர்றீங்க. ஆனா ஒரு பாஸுக்கு ஒரு ஆளுதாம்மா. நீ போறியா, ஒங்கம்மா போறாங்களா?"

ஜோதி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"வயசானவங்களப் படியேற உட்டுட்டு நீ கீழ காலாட்டிக்கிட்டுப் படுக்குறியே, நல்ல பொண்ணும்மா நீ. தெனம் ராத்திரி வர்றாங்க. பொம்பளைங்கள உடக் கூடாதுதான். அந்த முட்டியப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுறதப் பாத்தா எனக்கே மனசு கேக்கல." அவர் நகர்ந்து வழி விட்டார். "நீங்க போங்கம்மா. பாத்து."

அவளைத் தாண்டி எதுவும் போனதாக ஜோதிக்குத் தெரியவில்லை. தைல வாடை மட்டும் முகத்தில் இடித்தது. பிறகு அவளுக்கு முன்னால், படியில்...

சர்ர்... டக்.

அவள் பின்னாலேயே ஏறினாள். வாட்ச்மேன் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. கைப்பிடியைத் தொட்டாள். பிசுபிசுவென்று எண்ணெய். முதல் மாடித் திருப்பத்தில் அந்தச் சத்தம் நின்றது. மூச்சு வாங்குகிற ஓசை கேட்டது. மிக மெதுவாக, "மாதாவே" என்று ஒரு முனகல்.

அந்தக் குரலை ஜோதி பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். ஆனால் அதில் வலியை ஒரு நாளும் கேட்டதில்லை.

வார்டில் நீல விளக்கு. எல்லோரும் தூக்கம். அப்பா மட்டும் தலையணையில் சாய்ந்து விழித்திருந்தார். ஜோதியைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா வா. இப்பத்தான் வந்து ஒக்காந்தா. மூச்சு வாங்குது அவளுக்கு."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அதில் யாரும் இல்லை. ஆனால் ரெக்ஸின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

"அப்பா..." ஜோதி கட்டில் பக்கம் குனிந்தாள். "அப்பா, அம்மா வந்து..."

"தெரியும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து நின்னியே, அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. ராத்திரி இவ வந்து என் கையப் புடிச்சா. ஐஸ்ல வச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப ஏம்ப்பா முட்டி வலிக்குன்னு ஜெபிச்சீங்க?"

"வலிக்குதுன்றாளே. தூங்கி எழுந்ததுலேருந்து வலிக்குதுங்க, ஏன்னே தெரியலன்னு மொத நாளே சொன்னா." அவர் ஸ்டூலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மகளின் காதுக்கு அருகில் வந்தார். "அவளுக்குத் தெரியாதும்மா. யாரும் அவகிட்ட சொல்லல. சோறு கொண்டாற முடியலியேன்னு ஒரே பொலம்பல். நீயும் சொல்லிடாத. சொன்னா வர மாட்டா."

"வலிக்குதேப்பா அவங்களுக்கு."

"எனக்கு யாரு இருக்கா சொல்லு. அவ பக்கத்துல ஒக்காந்திருக்கான்னுதான் நான் கஞ்சி குடிக்கிறேன். எழுந்து நடந்துட்றேன். அதுவரைக்கும் வரட்டும்."

ஸ்டூலில் இருந்து உள்ளங்கையால் எதையோ தேய்க்கிற சத்தம் வந்தது. எண்ணெய் போட்டு, தோலில் தேய்க்கிற சத்தம். தேய்ப்பதும் நிற்பதுமாக. நடுவில் பல்லைக் கடித்து அடக்குகிற மூச்சு.

ஜோதி தரையில் மண்டியிட்டாள். கையை நீட்டினாள். ஸ்டூலுக்கு முன்னால், காற்றில், விரல்களில் தட்டுப்பட்டது. ஈரத்துணி போலச் சில்லென்று ஒரு முட்டி. தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

அவள் பஸ்ஸில் யோசித்து வைக்காமல், வாய்க்கு வந்ததைச் சொல்லி உண்டாக்கிய வலி. முப்பது நாளும் ஆமென் சொல்லி வளர்த்த வலி.

அவள் தலையில் சில்லென்று ஒரு கை வந்து படிந்தது. எப்போதும் போல உச்சியிலிருந்து பின்னலுக்கு இறங்கியது.

"வேணாம்மா," என்று அப்பா அவள் தோளைப் பிடித்தார். "ஒரு வாரம்மா. ஒரே ஒரு வாரம்."

ஜோதி அவர் பக்கம் திரும்பவில்லை. வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, இருட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஒனக்கு முட்டி வலி இல்லம்மா. அது நான் அப்பாகிட்ட சொன்ன பொய். நீ செத்து முப்பது நாளாச்சு."