டாக்டர் புறாவைப் பற்றித்தான் கேட்டார்

குளவி என்று சொன்னதுமே எல்லோரும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். குளவி வளர்க்கிற எங்கள் கூடத்துக்கு வருகிற விவசாயிகளும் முதல் தடவை அப்படித்தான் செய்வார்கள். நாங்கள் வளர்க்கிற குளவி கொட்டாது ஐயா. கொட்டுகிற அளவுக்கு அதற்கு உடம்பு கிடையாது. நீங்கள் வைக்கிற முற்றுப்புள்ளி மேல் ஒன்று தாராளமாக உட்காரும். வேறு பூச்சியின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. அந்த முட்டையிலிருந்து பிறகு புழு வராது, குளவிதான் வரும். கரும்பைத் துளைக்கிற புழு, தக்காளியைக் குடைகிற புழு எல்லாம் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோகும். ஒரு சொட்டு மருந்து அடிக்க வேண்டியதில்லை.

விசாரணைக்காக நடந்ததை நடந்த வரிசையில் எழுதித் தரச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் சிரமமில்லை. வரிசை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் என் தங்கை இறந்ததிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் அந்துப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

குளவி வளர்க்க முட்டை வேண்டும். அதற்காக நாங்கள் அந்துப்பூச்சி வளர்க்கிறோம். பழைய தானிய டப்பாவைத் திறந்தால் முகத்தில் மோதிப் பறக்குமே, அதே பூச்சிதான். உடைத்த தானியத்தைத் தட்டுகளில் கொட்டி, முட்டை தூவி, மூடி வைத்தால் புழுவாகித் தின்று, கூடு கட்டி, பூச்சியாக வெளியே வரும். அவற்றைப் பிடித்து வலை அடித்த கூண்டில் விட்டால் முட்டைகள் மணல் மாதிரி அடியில் உதிரும். சலித்துச் சுத்தம் செய்து அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுப்போம். குளவி ஏறிய அட்டையை விவசாயி வாங்கிப்போய் இலைக்கு அடியில் குத்தி வைப்பார். இதில் கடினமான வேலை, வெளியே வருகிற பூச்சியைச் சிறகு ஒடியாமல் பிடிப்பது. கையால் தொட்டால் அதன் செதில் எல்லாம் சாம்பல் மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று மெஷின். வீடு பெருக்குகிற உறிஞ்சு மெஷின் போலச் சின்னதாக ஒன்றை விவசாயிகள் சங்கம் வாங்கிக் கொடுத்திருந்தது. இன்னொன்று வாய்க்குழாய். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் பின்பக்கம் சல்லாத்துணி, அதற்கப்பால் ரப்பர் குழாய். ரப்பர் முனையை உதட்டில் வைத்து மெல்ல இழுத்தால் பூச்சி கண்ணாடிக்குள் வந்துவிடும். துணி பூச்சியைத் தடுக்கும். தூசியைத் தடுக்காது.

மெஷின் வந்த புதிதில் அதைத்தான் ஓட்டினோம். அதன் இழுவைக்குப் பூச்சிகள் கண்ணாடியில் மோதிச் சிறகு நைந்துபோயின. நைந்த பூச்சி குறைவாகத்தான் முட்டை போடும். அந்தச் சமயத்தில் ஒரு நாள் மின்சாரம் இல்லை. தங்கை வாய்க்குழாயை எடுத்து ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக் காட்டினாள். ஒரு பூச்சிக்குக்கூடச் சேதமில்லை. குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி அவ்வளவு பதமான மூச்சு அவளுக்கு. அந்தக் கூண்டின் முட்டையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. மெஷினின் மோட்டார் எரிந்துவிட்டது என்று சங்கத்துக்குச் சொல்லி, துணி சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டீர்கள். எங்கள் அப்பா கூலிக்கு மருந்து அடிக்கிறவர். காற்று திரும்பிய ஒரு நாளில் வயலிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய சட்டையைத் துவைத்தது நான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சின்னவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, ஆளாக்கியதும் நான்தான். ஒரு வயலிலாவது மருந்து டின் திறக்காமல் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தப்பென்று யாரும் சொல்ல மாட்டீர்கள்.

நாங்கள் இருவரும் அந்த அறையில் சந்தோஷமாக இருந்தோம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் ஓடினால் பேசுவது காதில் விழாது. குழாய்க்குச் சத்தமே கிடையாது. நான் முட்டை சலித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவேன். அவள் வாயில் குழாயோடு புருவத்தால் பதில் சொல்வாள். சிரிப்பு வந்துவிட்டால் குழாயை எடுத்துவிட்டு, "அக்கா, நான் பூச்சிய முழுங்கினா நீதான் பொறுப்பு" என்பாள்.

மாலையில் வெளியே வரும்போது தலை, புருவம், கழுத்து எல்லாம் வெளுத்திருக்கும். அட்டைப் பெட்டிகளை ஏற்ற வருகிற வண்டிக்காரத் தம்பி அவளை மாவுமில் என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன மாவுமில், இன்னைக்கு எத்தனை மூட்டை அரைச்சே?"

"ஒரு மூட்டைதான். அது வண்டியில உக்காந்து பேசிட்டு இருக்கு" என்பாள். அவன் கொஞ்சம் பருமன்.

இருமல் முதலில் சாயங்காலம் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் இருக்காது, திங்கட்கிழமை வந்துவிடும். முதலில் அதைக் கவனித்தது வண்டிக்காரத் தம்பிதான். முகமூடி ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்தான். முகமூடியும் குழாயும் ஒரே வாயில் எப்படிச் சேரும்? அட்டை ஒட்டும்போது நான் போட்டுக்கொண்டேன். நல்ல முகமூடிதான்.

ஒரு நாள் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. அவளுக்கும் சம்மதம்தான். கட்டிக்கிட்டா இந்த ரூமுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்" என்றான்.

"பொண்ணு கேக்குறியா, வேலைய விடச் சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

இந்த ஆர்டர் முடியட்டும் தம்பி என்றேன். அவன் நல்ல பிள்ளை, நம்பிவிட்டான். எங்கள் கூடத்தில் ஓர் ஆர்டர் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அவனுக்கும் அது தெரியும்.

டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை என்று அவன் உங்களிடம் சொன்னது சரியல்ல. இரண்டு தடவை அழைத்துப் போனேன். முதல் தடவை, "என்ன வேலைம்மா பாக்குறே?" என்று அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "தோட்ட வேலை டாக்டர்" என்றேன். பொய்யில்லை, எங்கள் வேலை எல்லாம் தோட்டத்துக்காகத்தானே. "நல்ல காத்து கிடைக்குமே" என்று சொல்லி இருமலுக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வீட்ல புறா வளக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"மொட்டை மாடியில? பக்கத்து வீட்டுல? கிளி, கோழி ஏதாவது?"

"எங்க வீட்ல அக்காவும் நானும்தான் டாக்டர் பறவை" என்று சின்னவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"இல்லம்மா, இறகுத் தூசி நாள்கணக்கா உள்ள போனா நுரையீரல் இப்படித்தான் இறுகும். புறா வளக்கிறவங்களுக்கு வரும். அந்த இடத்தை விட்டு விலகிட்டா அதோட நின்னுடும். விலகலைன்னா நான் மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்ல" என்றார்.

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் மேஜைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் அப்படி அழுத்தினால் பேசாமல் இருந்துவிடுவாள். அன்றைக்கும் இருந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, "அக்கா, நம்ம பூச்சி..." என்று இழுத்தாள்.

"அவர் புறாவத்தானேடீ கேட்டாரு" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, புறாவத்தான் கேட்டாரு" என்றாள்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. மறுநாளே குழாயில் சல்லாத்துணியை நான்காக மடித்துக் கட்டினேன். நாலு மடிப்பில் அவளால் மூச்சை இழுக்க முடியவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு மடிப்பைப் பிரித்துவிட்டேன். காலையில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கரும்பில் புழு விழுந்தது. வயல் வயலாகப் பரவியது. அட்டை உடனே வராவிட்டால் மருந்து அடிக்கப்போவதாக விவசாயிகள் வாசலில் வந்து நின்றார்கள். அவள் அப்போது எழ முடியாமல் வீட்டில் படுத்திருந்தாள், நான் ஒருத்தியாகக் குழாயை எடுத்தேன். என் மூச்சு முரடு, பூச்சிகள் சிதைந்தன. வீட்டில் அவளிடம் வரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. "நீ படுத்திரு. அப்பாவைக் கொன்ன டின்னை அவங்க திறந்தா திறந்துட்டுப் போறாங்க, உன் உடம்புதான் முக்கியம்" என்று மட்டும் சொன்னேன். அவளாகத்தான் எழுந்து வந்தாள்.

அந்தப் புழு அடங்கியது. ஒரு வயலிலும் மருந்து அடிக்கவில்லை. கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிய அன்று மாவுமில் என்று அவன் கூப்பிட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவன்தான் தூக்கி வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். நான் பின்னால் அட்டைப் பெட்டிகளோடு உட்கார்ந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்கு கட்டில்கள், அவளுடையது சுவரோரம். வண்டிக்காரத் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் விழித்திருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, மெஷினு நல்லாத்தான் ஓடுது."

"எந்த மெஷினு?"

"நீ சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தேல்ல, அன்னைக்கு அலமாரியத் திறந்து போட்டுப் பாத்தேன். நல்லா ஓடுச்சு. திரும்ப நீ சுத்தின மாதிரியே துணி சுத்தி வச்சுட்டேன்."

அது இருமல் தொடங்கிய புதிதில் நடந்த கூட்டம். அதற்கப்புறம் எத்தனையோ தட்டுகளை அவள் குழாயில் பிடித்திருக்கிறாள்.

"ஏன்டீ எங்கிட்ட சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் கை என் கைக்குள் இருந்தது. "இப்பச் சொல்லேன்க்கா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் கோபமாகக் கேட்கவில்லை ஐயா. சின்னதில் தின்பண்டத்தை ஒளித்து வைத்துவிட்டு இல்லை என்று நான் விளையாடுவேன். தெரிந்துகொண்டே கை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்த முகம்தான் அப்போதும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு முன்பும் கேட்டதில்லை.

நான் போர்வையைச் சரி செய்துவிட்டு, "மோட்டார் எரிஞ்சு போச்சுடீ. காய்ச்சல்ல உனக்கு என்னென்னவோ தோணுது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

மெஷினுக்கு எந்தக் கோளாறும் இல்லை. மோட்டார் எரியவில்லை. நான்தான் அதைப் பூட்டினேன். டாக்டர் எதைக் கேட்கிறார் என்பது அவர் கேட்டபோதே எனக்குப் புரிந்தது. அலமாரிச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன், நீங்கள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கடைசியில் அவளிடம் அப்படிச் சொன்னதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலைமையில் அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னேன்.