மேற்குப் படிக்கட்டுக்கு ஆறு பேர்

என் பெயரையும் பணி எண்ணையும் முதல் பக்கத்தில் என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. தலைமைக் காவலராக இருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஸ்டேஷன் ரைட்டர் வேலை பார்க்கிறேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள காவலர் குடியிருப்பில், தண்ணீர் ஏறாத மூன்றாவது மாடியில், மனைவியுடன் வசிக்கிறேன். ஸ்டேஷனில் எல்லோரும் என்னைப் பென்சில் என்று கூப்பிடுவார்கள். பந்தோபஸ்துக்கு ஆள் கேட்டு எழுதும்போது எண்ணிக்கையை மட்டும் முதலில் பென்சிலில் எழுதி வைப்பது என் வழக்கம்.

புதிய ஆற்றுப் பாலத்தின் திறப்பு விழாவில் மேற்குப் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பதினான்கு பேர் காயமடைந்தார்கள். அங்கே பணியில் இருந்த பெண் காவலர் தன் இடத்தை விட்டுப் போனதே காரணம் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நீக்குவதற்காக இந்த விசாரணை நடக்கிறது. அந்தப் பெண் எனக்கு உறவில்லை. ஒரே ஸ்டேஷன், அவ்வளவுதான்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, புதிதாக வந்திருந்த ஆய்வாளர் ஐயா என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பாலத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தார். நான்கு படிக்கட்டுகளையும் டேப் பிடித்து அளந்தோம். மேற்குப் படிக்கட்டு மற்றதைவிட இரண்டடி குறுகல், அதன் காலடியில்தான் பஸ் நிறுத்தம். அதன் பிறகு ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து, மேற்குப் படிக்கு ஆறு பேர், மொத்தம் அறுபத்து நான்கு பேர் என்று கணக்குப் போட்டோம். நான் வழக்கப்படி அதை இரட்டிப்பாக்கி நூற்று இருபத்தெட்டு என்று பென்சிலில் எழுதினேன்.

இந்த இரட்டிப்பு என்ன என்று விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். எந்த ஸ்டேஷன் எவ்வளவு கேட்டாலும் தலைமை அலுவலகம் பாதியாக வெட்டும். அது ஸ்டேஷனுக்குத் தெரியும், அதனால் இரண்டு பங்கு கேட்கும். ஸ்டேஷன் இரண்டு பங்கு கேட்கிறது என்று தலைமை அலுவலகத்துக்கும் தெரியும், அதனால் பாதியாக வெட்டும். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த பொய் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை.

ஆய்வாளர் ஐயா பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அறுபத்தி நாலுதானே வேணும்? இது என்ன?" என்றார். நான் விவரம் சொன்னேன். அவர், "பொய் எழுதித்தான் போலீஸ்காரனே போலீஸ் வாங்கணுமா? உள்ளதை எழுதுங்க, காரணத்தையும் கூட எழுதிடுவோம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பேனாவிலேயே அறுபத்து நான்கு என்று எழுதி, படிக்கட்டின் அளவுகளையும் இணைத்து அனுப்பினேன். பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய முதல் உண்மைக் கணக்கு அது.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது. முப்பத்திரண்டு பேர். இணைத்த அளவுத் தாளை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நான் குத்தி அனுப்பிய குண்டூசி குத்தியபடியே திரும்பி வந்திருந்தது. உடனே தலைமை அலுவலகத்தில் ஆள் ஒதுக்கீடு பார்க்கும் எழுத்தருக்குப் போன் செய்தேன். அவரும் நானும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன பென்சில், எப்பவும் போல டபுளாத்தானே போட்டிருப்ப? பாதி சரியா வந்துடுச்சே" என்றார்.

"இல்லப்பா, இந்தத் தடவை நெஜக் கணக்கு."

"நீயா? நெஜமா?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அதன் பிறகு, கையெழுத்தான கோப்பை இனிமேல் திறக்க முடியாது என்றார். ஆய்வாளர் ஐயா நேரில் போய் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தார்.

விழா நாள் மதியம் இரண்டு மணிக்கு நான் டூட்டி சீட்டுகளைக் கொடுத்தேன். மேற்குப் படிக்கு இரண்டு பேர்தான் போட முடிந்தது. மூன்று மணிக்கு மேலிடத்து உத்தரவு என்று சொல்லி அதில் ஒருவரை மேடைக்கு அழைத்துக்கொண்டார்கள். மேடையில் முக்கிய விருந்தினரின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவருக்குக் கொடுத்த வேலை.

அந்தப் பெண் காவலர் சீட்டைக் காட்டி என்னிடம், "அண்ணே, மேற்குப் படிக்கு ஆறு பேருன்னு நீங்கதானே சொன்னீங்க? மீதிப் பேர் எப்ப வருவாங்க?" என்று கேட்டார். "வருவாங்கம்மா, நீ போய் நில்லு" என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். இந்த விசாரணையில் பொய் சொன்னவர் யார் என்று தேடினால், அந்த ஒரு வரியை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்கு ரிப்பன் வெட்டினார்கள். அதன் பிறகு மேலே இருந்த கூட்டம் பஸ் பிடிக்க மேற்குப் படியில் இறங்கியது, கீழே இருந்த கூட்டம் பாலம் பார்க்க அதே படியில் ஏறியது. ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கும் ஐந்து பதினொன்றுக்கும் ஐந்து பதினைந்துக்கும் அந்தப் பெண் வாக்கி டாக்கியில் ஆள் கேட்டார். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாக்கி டாக்கிப் பதிவேட்டை எழுதியது நான், மூன்றும் அதில் என் கையெழுத்தில் இருக்கின்றன. மூன்றாவது முறை, "அண்ணே, கீழ குழந்தைங்க இருக்கு" என்று மட்டும் சொன்னார். மேடையருகே நின்ற பத்துப் பேரில் நான்கு பேரையாவது கொடுங்கள் என்று ஆய்வாளர் ஐயா மேலிடத்தில் கேட்டார். விருந்தினரின் கார் புறப்படும்வரை ஒருவரையும் நகர்த்தக் கூடாது என்று பதில் வந்தது. விருந்தினர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து பதினெட்டுக்கு அந்தப் பெண், இனி யாரும் ஏறாதபடி, படியின் கீழ்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பூட்டு கிடையாது. தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். அதன் பிறகு பாதிப் படி ஏறிப் போய், இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்று, மேலிருந்து வந்த கூட்டத்தைத் தன் உடம்பால் நிறுத்தினார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் சிக்கியிருந்தவர்கள் பக்கச் சுவர் வழியாக இறங்க ஒன்பது நிமிடம் ஆனது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கைப்பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. காயம் பட்ட பதினான்கு பேரில் அவரும் ஒருவர். யாரும் சாகவில்லை.

அவருக்குக் கொடுத்திருக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பைப் படித்தேன். ஒன்று, பணியிடத்தை விட்டு நகர்ந்தது. இரண்டு, பெல்ட் இல்லாமல் சீருடையில் காணப்பட்டது. இதை டைப் அடித்தவருக்குக் கை கூசியிருக்க வேண்டும். அந்த பெல்ட்டை நானே கதவிலிருந்து அவிழ்த்து, ஸ்டேஷன் அலமாரியில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொண்டுவருகிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை.

வழக்கப்படி நூற்று இருபத்தெட்டு ஏன் கேட்கவில்லை, அது என் குறைதானே என்று விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்வது என்னவென்றால், வருடக்கணக்காகப் பொய் எழுதினேன், ஒரு குறிப்பாணை வரவில்லை. ஒரு தடவை உண்மை எழுதினேன், அதற்கு விளக்கம் கேட்கிறீர்கள். அது குறை என்றால் என் பெயரில் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் பெயரில் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பத்திரிகைக்காரர்கள் வரக்கூடும் என்று, இன்றைய விசாரணைக்குப் பந்தோபஸ்து கேட்டு எழுதும்படி என்னிடமே சொன்னார்கள். நான்கு பேர் போதும் என்று பேனாவில் எழுதினேன். வெட்டவில்லை. பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் மட்டும் ஆறு பேர் நிற்கிறார்கள். தோளில் கட்டோடு அந்தப் பெண் அவர்களுக்கு நடுவில்தான் ஏறி வந்தார். நானும் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். இதில் உள்ள எந்த எண்ணையும் நான் இரட்டிப்பாக்கவில்லை, பாதியாக்கவும் இல்லை. எல்லாம் உண்மை. பேனாவில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தலைமைக் காவலர், ஸ்டேஷன் ரைட்டர்