ஏரிக்கு ரெண்டடி வெளியே

பூந்தமல்லியில் கிளம்பிய ஆவடி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஊருக்கே கேட்கிற மாதிரி குறைபட்டுக்கொண்டாள்.

"ஏரிக்கரை தெரு முழுக்க ஒட்டிகினு போனாங்கக்கா. எங்க ஊட்டுக்கு மட்டும் காலி பண்ற நோட்டீஸ் ஒட்டல."

கையிலிருந்த செல்போனை அணைத்துவிட்டேன்.

"ஒட்டலன்னா சந்தோசப்படுடி."

"இன்னாக்கா நீ! நோட்டீஸ் இருந்தாத்தான் மாத்து ஊடு தருவாங்களாம். எங்க ஊடு ஏரி எல்லைக்கு ரெண்டடி வெளிய கீதாம். அளந்தவரு டேப்ப ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்துட்டு, சட்டப்படி கட்டிகீறீங்கம்மான்னு பாராட்டிட்டுப் போறாரு."

"அப்போ உங்க ஊட்ட இடிக்க மாட்டாங்க இல்ல?"

"பக்கத்து ஊட்ட இடிப்பாங்களே. ரெண்டுக்கும் நடுவுல ஒரே செவுருக்கா. அது போச்சுன்னா எங்க கூரை எதுமேல நிக்கும்?"

"இத ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. இது ஊடில்லாதவங்களுக்கான திட்டம்மா, உங்களுக்குத்தான் இப்போ ஊடு இருக்கேன்றாரு அந்த சாரு. விழுந்தப்புறம் மனு எழுதிகினு வரணுமாம்."

பஸ் பருத்திப்பட்டைத் தாண்டியது. இளையவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"அதான் நாளைக்கு கொத்தனாரு வராரு. பின்பக்கம் ஏரிக்குள்ள மூணடி இழுத்து ஒரு பாத்ரூம் கட்டிடலாம்னு கீறோம்."

"அடிப்பாவி! ஏரியில கட்டக் கூடாதுன்னு சட்டம் கீதுடி."

"தெரியும்க்கா. அந்த சட்டத்துக்குள்ள வரத்துக்குத்தான் கட்றோம்."