கஞ்சியில் வெண்ணெய்

— திரும்பச் சொல்லு. நேத்து மத்தியானம் மேசையில யார் யார் இருந்தது?

— அத்தை, எனக்கு வேலைக்கு நேரமாச்சு.

— ஒரு பஸ் போனா இன்னொரு பஸ் வரும். சொல்லு.

— உங்க பிள்ளை. உங்க அக்கா, அதான் பெரியம்மா. அவங்க பொண்ணு பல் டாக்டர். உங்க ஓரகத்தி, சின்ன அத்தை. நான். சுத்திச் சுத்திப் பரிமாறிக்கிட்டு நீங்க. வேற யாரும் இல்ல. பூனைகூட வெளியிலதான் இருந்தது.

— கிண்டல் வேண்டாம். இத்தனை பேர் பார்க்க நான் உன் தட்டுல ரெண்டாந்தடவை சோறு வைக்க வர்றேன். நீ என்ன பண்ணின?

— கையைக் குறுக்கே வெச்சுப் போதும்னேன்.

— பேங்க்ல ஷட்டரை இறக்கற மாதிரி இறக்கின. என் கரண்டி அந்தரத்துல நிக்குது. என் அக்கா சாப்பிடறதை நிறுத்திட்டு என்னையே பார்க்கறா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

— வயிறு நிறைஞ்சுபோச்சு, அத்தை. நிறைஞ்சா போதும்னு சொல்லாம வேற என்ன சொல்றது?

— எதால நிறைஞ்சுது? ஒரு கை சோறு. அதுக்கு மேல காயும் கீரையுமா அள்ளிக்கிட்ட. பார்க்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? சோத்துக்குக் கணக்குப் பார்க்கற வீடுன்னு நினைக்க மாட்டாங்களா?

— நான் எப்பவும் சாப்பிடறது அதுதான். மெதுவா மென்னு சாப்பிட்டேன். மத்தவங்க ஊர்க்கதை பேசிக்கிட்டே திரும்பத் திரும்ப வாங்கினாங்க, நான் பேசாம ஒரு தடவையில முடிச்சேன். பல் டாக்டர்கூட எப்படி உடம்பை இப்படி வெச்சிருக்கீங்கன்னு நல்லவிதமாத்தான் கேட்டா.

— அவ நல்லவிதமாக் கேட்டா. மத்தவங்க? இங்க பாரு, நீ வேலைக்குக் கிளம்பற நேரம்னு எனக்கும் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து, இனிமே மனசுல வெச்சுக்க முடியாதுன்னுதான் சொல்றேன். போன வாரமே சின்னவ என்னைத் தனியாக் கூப்பிட்டா. அக்கா, கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுல மருமகளுக்கு வயிறாரச் சோறு போடறதில்லைன்னு வெளியில பேசிக்கறாங்கன்னா.

— சின்ன அத்தை அப்படியா சொன்னாங்க? என் பேரைச் சொல்லியா?

— மருமகளுக்குன்னா வேற யாருக்கு? எனக்கு எத்தனை மருமக? சொல்லும்போது அவ என் முகத்தைக்கூடப் பார்க்கல. கையில இருந்த பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னா. பாவம், அவளுக்கே நாக்கு கூசிப்போச்சு. குழாய் ரிப்பேர் பண்ண வந்தவனைக்கூடச் சாப்பிட வெச்சு அனுப்பின வீடு இது. உன் மாமனார் இருந்தவரைக்கும் இந்த வாசலைத் தாண்டி ஒருத்தர் பசியோட போனதில்ல. அந்த வீட்டைப் பார்த்து ஒரு சொல்.

— அதனாலதான் ஒரு வாரமா என் கஞ்சியில என்னமோ கலக்கறீங்களா?

— என்ன கலக்கறேன்?

— நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. இன்னிக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுது. கடைசி வாய்க்கு அடியில பளபளன்னு நின்னுது.

— வெண்ணெய்தானே. விஷமா வெச்சுட்டேன்? வீட்டுச் செலவுலயும் ஒண்ணும் கூடல. என் ரொட்டிக்குத் தடவற பங்கைத்தான் உனக்குப் போட்டேன். கொஞ்சம் கன்னம் வைக்கட்டும், ஊர் வாயை அடைக்கலாம்னு பார்த்தேன்.

— அத்தை, நான் என்ன வேலை பார்க்கறேன்?

— பிஸ்கட் பேக்டரியில பிஸ்கட்டைக் கடிச்சுப் பார்த்துத் துப்பற வேலை. அதுக்கு ஒரு சம்பளம். நல்ல பொருளை மென்னு துப்பறவளுக்கு வீட்டுச் சோறு எப்படி இறங்கும்?

— துப்பறதுதான் வேலையே. முழுங்கினா நாலாவது பிஸ்கட்டுக்கு நாக்கு செத்துப்போயிடும். கடிப்போம், மெல்லுவோம், துப்புவோம், வெதுவெதுன்னு தண்ணியில வாய் கொப்பளிப்போம். அப்புறந்தான் அடுத்தது. அதுக்காகத்தான் நான் சென்ட் போடறதில்ல. ராத்திரி பூண்டு வேண்டாம்னு உங்ககிட்டத் திட்டு வாங்கறேன். காலையில உப்பில்லாத வெறும் கஞ்சி குடிக்கறேன். நாக்கு துடைச்சு வெச்ச கண்ணாடி மாதிரி இருக்கணும். அதுல நீங்க தினமும் வெண்ணெய் பூசி அனுப்பியிருக்கீங்க.

— ஒரு ஸ்பூன் வெண்ணெய்ல என்ன ஆயிடப்போகுது?

— என்ன ஆச்சுன்னு கேளுங்க. எல்லாரும் தனித்தனி தடுப்புக்குள்ள உட்கார்ந்து கடிச்சுப் பார்க்கறோம். ஒரு தட்டு வருது. இந்தப் பக்கத்துல இருக்கறவ எண்ணெய் காறல் அடிக்குதுங்கறா. அந்தப் பக்கத்துலயும் அதே பேச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாயிருக்கு, அனுப்பலாம்னு சொல்லிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. எங்க மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, வயசானா நாக்கு மழுங்கறது சகஜந்தான், கொஞ்ச நாள் பேக்கிங்ல நில்லுங்கன்னாங்க.

— பேக்கிங்லயா? நீ சொல்லவே இல்லையே.

— என்னன்னு சொல்றது? நாக்கு போச்சுன்னா? டாக்டர்கிட்டப் போய் வாயைத் திறந்து காட்டினேன். ஒண்ணும் இல்லைன்னார். பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். இத்தனை வருஷமாக் கட்டிக்காப்பாத்தின இடம், அத்தை. முந்தாநாள் வரைக்கும் தலையில வலை மாட்டிக்கிட்டு டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டு நிக்கறேன். இன்னிக்குக் கிண்ணத்துல அந்தப் பளபளப்பைப் பார்த்தப்புறந்தான் விஷயம் பிடிபட்டுது.

— நான் கெடுதல் நினைச்சுப் பண்ணல.

— தெரியும்.

— நாளையிலேருந்து போடல. உங்க மேடத்துக்கிட்ட நானே வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்.

— நீங்க வர வேண்டாம். நானே பேசிக்கறேன். என்னை என் அளவுக்குச் சாப்பிட விட்டாப் போதும். பேக்டரியிலயும் இதே தொல்லை. என்ன பவுடர் குடிக்கறன்னு ஒருத்தி கேக்கறா. ராத்திரி பட்டினியான்னு இன்னொருத்தி. காலையில சாப்பிடறேன், உட்கார்ந்து சாப்பிடறேன், டிவி முன்னால தட்டை எடுத்துட்டுப் போறதில்ல, பசி அடங்கினா எழுந்திருக்கறேன், ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கறேன்னு சொன்னா, சொல்ல மாட்டேங்கறா பாருன்னு கோவிச்சுக்கறாங்க. எனக்கு நாப்பது வயசாகுது. ஒரு வாய் வேண்டாம்னு சொல்ல இன்னும் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

— உன் அளவு உனக்கு. ஒத்துக்கறேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை அத்தனை பேரையும் மறுபடி சாப்பிடக் கூப்பிடப்போறேன். அன்னிக்கு ஒரு நாள், என் அக்கா கண்ணு முன்னால, நான் வைக்கறதை மறுக்காம சாப்பிடு. ரெண்டு தடவை வாங்கு. எனக்காக இல்ல, இந்த வீட்டுப் பேருக்காக.

— மாட்டேன்.

— என்ன?

— மாட்டேன், அத்தை. அன்னிக்கு வாங்கினா அதுக்கப்புறம் ஒவ்வொரு விருந்துலயும் வாங்கணும். என் வயிறு இந்த வீட்டு வாசல்ல மாட்டற போர்டு இல்ல.

— சரி. அப்போ நான் வேற வழி பார்க்கறேன். அந்தப் போனை எடு.

— யாருக்கு?

— அக்காவுக்கு. என் மருமகளை நான் பட்டினி போட்டேனா, நீயே அவகிட்டக் கேளுன்னு உன் கையில கொடுக்கப்போறேன்.

— இப்ப வேண்டாம். நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடல.

— பேச்சை மாத்தாதே.

— நேத்து சாப்பிட்டீங்களா?

— பரிமாறறவ கடைசியிலதான் சாப்பிடணும். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் அப்படித்தான். மிச்சம் இருந்தா நின்னுக்கிட்டே ரெண்டு வாய், இல்லேன்னா ஒரு டம்ளர் டீ. இதுவரைக்கும் எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? என்கூட உட்காருங்கன்னு நீ கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் சொல்றேன், உன் காதுல ஏறல. ரிங் போகுது பாரு. இரு, எடுத்துடுவா.

— கட் பண்ணுங்க, அத்தை. பெரியம்மா என்கிட்ட நேத்தே கேட்டுட்டாங்க.

— எப்போ?

— நீங்க வாசல்ல சின்ன அத்தையை அனுப்பிட்டு இருந்தீங்களே, அப்போ. சமையல்கட்டுக் கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க. அழுதாங்க.

— அழுதாளா? அவ அழற அளவுக்கு ஆயிடுச்சா? நீ என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லல.

— ஏன்? எங்க அத்தை எனக்கு வயிறாரப் போடறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? இந்த வீட்டு மானத்துக்கு உன்கிட்ட அவ்வளவுதான் மதிப்பா?

— அவங்க அதைக் கேக்கவே இல்ல. சின்ன அத்தைக்கு உங்க முகத்துக்கு நேரா உள்ளதைச் சொல்ல பயம். அதனால ஆளை மாத்திச் சொல்லியிருக்காங்க.

— ஆளை மாத்தின்னா?

— எனக்கு நீங்க சோறு போடறதில்லைன்னு யாரும் பேசல, அத்தை. உங்களுக்கு நான் போடறதில்லைன்னுதான் பேசறாங்க.