அம்மா எப்ப வருவாங்க, மிஸ்?

ஊரடங்குக்குப் பிறகு சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த வாரம். விருப்பமிருந்தால் அனுப்பலாம், இல்லையென்றால் பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் பையனை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மாஸ்க்கையும் மீறிக் குரல் கேட்டது.

"நம்ம புள்ள என்னைய மிஸ்ஸுன்னு கூப்பிடுறா."

"வீட்டுல பாடம் நடத்துறேல்ல, கூப்பிடட்டும். கையில பிரம்பு ஒண்ணுதான் பாக்கி."

"சிரிக்காதீங்க. நேத்து கணக்கைத் தப்பாப் போட்டாளேன்னு கத்திட்டேன். அழுதுக்கிட்டே கேக்குறா, 'எங்க அம்மா எப்ப வருவாங்க, மிஸ்?'னு."

கணவர் சிரிப்பை நிறுத்தினார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

"ஸ்கூலுக்குப் போயி காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டா?" என்றார்.

"எனக்கும் அந்த பயம் இருக்கு. மாஸ்க் போட்டு அனுப்புவோம், வந்ததும் குளிப்பாட்டி விடுறேன். கணக்கை மட்டும் என்னால சொல்லித் தர முடியாதுங்க."

"அப்ப நீ என்ன பண்ணப்போற?"

"சாயங்காலம் ஸ்கூல் கேட்டுல போயி நிப்பேன். அம்மா வந்துட்டேன்டின்னு சொல்லுவேன்."

"சரி விடு. நாளைக்கே கொண்டுபோய் விட்ருவோம்."

"நாளைக்கா? பழைய ஷூ பத்தாதுங்க. காலு வளந்துருச்சு."

"அதுக்கென்ன, மலைக்கோட்டைப் பக்கம் வாங்கிக்கலாம். எந்திரி, சத்திரம் ஸ்டாப் வந்துருச்சு."

இருவரும் இறங்கினார்கள். எனக்கு சென்ட்ரல் வரை டிக்கெட் இருந்தது. நானும் எழுந்து அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டேன். என் பையனுக்கும் பழைய ஷூ பத்தாது.