கடலு, ரோடு

சூடு காட்டாமலே இரும்பை மெலிதாக்கலாம் என்றால் எங்கள் அம்மா அங்கம்மா இன்றுவரை நம்பமாட்டாள் ஐயா. மீன் விற்கிறவளுக்கு அது எதற்கு? உங்களுக்குச் சொல்கிறேன். மூன்று மில்லி கனத் தகட்டுச் சுருளை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, போக வர ஐந்து தடவை நசுக்கினால் அரை மில்லியாகிவிடும். நசுக்க நசுக்கத் தகடு கெட்டிப்படும். அப்புறம் உலையில் வைத்து இளக்குவார்கள்.

உருளையில் துளி அழுக்கு ஒட்டினாலும் தகடு முழுக்க வடு விழும். அதனால் மெதுவாக ஓடவிட்டுத் துணியால் துடைப்போம். தகடு வெளியே வருகிற பக்கம்தான் நிற்கவேண்டும். உள்ளே போகிற பக்கம் நின்றால் துணியோடு கையையும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் திசை மாறுமே, அதற்காகத் திருவொற்றியூரில் எங்கள் மில்லில் ஒரு வழக்கம். கிழக்கே ஓடினால் "கடலு" என்று கூவுவோம். மேற்கே ஓடினால் "ரோடு". கூவிவிட்டுத்தான் பட்டன்.

சூப்பர்வைசர் ஜெரி சாருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாபா, மீன் ஏலமா வுட்டுகினு கீறீங்க? இனிமே எவனும் கூவக்கூடாது."

அதே வாரம் என் தம்பி தீபன், திசை மாறியது தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டன் அமுங்கியது. கை தோள்வரை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

அவன் குடித்திருந்தான் என்று ஜெரி சார் விசாரணையில் எழுதிக்கொடுத்தார். திருவிழாவில்கூடத் தொடாதவன் ஐயா அவன். அந்தக் காகிதத்தைப் பவானி, அவன் பெண்டாட்டி, என்னிடம்தான் படிக்கச் சொன்னாள். வயிறு எரிந்தது. எரிந்தும் நான் இளகவில்லை.

பதினொரு மாதம் பொறுத்தேன். போன செவ்வாய் காலை தகட்டில் வடு விழுந்தது. விழவைத்தது நான்தான். துடைக்கிறவன் டிபனுக்குப் போயிருந்தான். ஜெரி சாரே துணியை எடுத்தார். தீபனுக்கு அப்புறம் அவருக்கும் பயம் வந்திருந்தது.

"எந்தப் பக்கம் தேசப்பா? கூவிட்டு அமுக்கு."

"கடலு சார்" என்றேன், நன்றாகக் கேட்கும்படி. கடல் பக்கம் போய் நின்றார். நான் ரோட்டுப் பட்டனை அமுக்கினேன். மணிக்கட்டோடு விட்டிருக்கலாம். விரலை எடுக்கவில்லை.

தீபன் செத்த அன்று பட்டனில் யார் என்று கேட்கிறீர்கள். பவானியும் அதையேதான் கேட்டாள். நான்தான். அதனாலென்ன ஐயா, கூவாதே என்றது அவர்தானே. அன்றைக்கு என் விரல் அவர் சொன்ன வேலையைத்தான் செய்தது.